கியூபிச பாணி உருவ ஓவியத்தைப் படிப்பது எப்படி: கையிலிருந்து தொடங்கும் வழிமுறை

மதுரையில் நான் தமிழாசிரியையாகப் பணியாற்றும் பள்ளியின் நூலகத்துக்கு, முன்னாள் மாணவர் ஒருவர் எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். அதன் அருகில் மாட்டுவதற்குத் தமிழில் அரைப்பக்கக் குறிப்பு எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. படத்தில் இருப்பது மனித உருவம் என்பது புரிந்தது. ஆனால் முக்கோணமும் நாற்கரமுமாக நறுக்கி அடுக்கியது போன்ற அந்த உருவத்தில் எது தோள், எது முழங்கால் என்பது பிடிபடவில்லை. ஒரே வாரத்தில் குறிப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பெண்கள் ஒரு கயிற்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள் என்றும், அது உறவுகளுக்குள் நிகழும் போராட்டத்தைக் காட்டுகிறது என்றும் எழுதியிருந்தேன். அந்தக் குறிப்பு முற்றிலும் தவறு. தவறு தெரிவதற்குள் அது மூன்று வாரம் சுவரில் தொங்கிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தங்கள் கட்டுரை நோட்டில் எழுதியும் வைத்துவிட்டார்கள்.

சரியான குறிப்பை எழுதி முடிக்க எனக்கு மேலும் ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரத்தில் கற்றதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். வீட்டிலோ அலுவலகத்திலோ இப்படியொரு படத்தை வைத்துக்கொண்டு என்னவென்று புரியாமல் இருப்பவர்களுக்கும், என்னைப் போல் குறிப்பு எழுதும் பொறுப்பு வந்தவர்களுக்கும், ஓவியக் கல்லூரியில் சேர ஆயத்தமாகும் மாணவர்களுக்கும் இது பயன்படும். ஒரே உருவத்தைப் பல பக்கத்திலிருந்து கண்டதுபோல் கோணத் துண்டுகளாக்கி வரையும் இந்தப் பாணிக்குக் கியூபிசம் என்று பெயர். அது எப்படித் தோன்றியது என்னும் வரலாற்றை இங்கே சொல்லப்போவதில்லை. படத்தின் முன்னால் நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் படத்துக்குரிய தாள்களைத் திரட்டுங்கள்

படத்தைப் பார்ப்பதற்கு முன்பாகவே இதைச் செய்துவிடுங்கள். தேவைப்படுபவை இவை: ஓவியரின் பெயர், வரைந்த ஆண்டு, எந்த வண்ணத்தால் எதன்மேல் வரையப்பட்டது என்னும் விவரம், நீள அகலம், படத்தின் தலைப்பு, படம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்னும் செய்தி. விலைக்கு வாங்கியதாக இருந்தால் ரசீதையும் கண்காட்சியில் கொடுத்த கையேட்டையும் தேடுங்கள். அன்பளிப்பாக வந்திருந்தால், உடன் வந்த கடிதத்தையும் அன்பளிப்புப் பதிவேட்டில் எழுதியிருக்கும் வரியையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் படத்தோடு வந்த கடிதத்தில் ‘நவீன ஓவியம் ஒன்று’ என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. ஓவியரும் காலமாகிவிட்டார். அதனால் தாள்களில் தேட ஒன்றுமில்லை என்று நான் முடிவுகட்டிவிட்டேன். நான் செய்த பிழைகளிலேயே பெரியது அதுதான்.

தேட வேண்டிய தாள் படத்தின் முதுகில் இருந்தது. ஓவியர்கள் தலைப்பையும் ஆண்டையும் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்னும் அம்புக்குறியையும் பெரும்பாலும் துணியின் பின்புறத்திலோ மரச்சட்டத்திலோதான் எழுதுகிறார்கள். சட்டம் போடும் கடைகளில் தூசி புகாதிருக்கப் பின்பக்கம் முழுவதையும் பழுப்புத்தாள் ஒட்டி மூடிவிடுவார்கள். எங்கள் படத்தையும் அப்படித்தான் மூடியிருந்தார்கள். சுவரில் ஓதம் ஏறியதால் படத்தைக் கழற்றிச் சட்டம் போடுபவரிடம் கொண்டுபோனோம். அவர் பழுப்புத்தாளைப் பிரித்தபோது, கரிக்கோலால் எழுதிய வரி ஒன்று மரச்சட்டத்தில் தெரிந்தது: ‘உட்கார்ந்திருப்பவள், 1974.’

உட்கார்ந்திருப்பவள் என்பது ஒருமை. நான் எழுதிய இரண்டு பெண்களும் அந்த ஒரே சொல்லில் இல்லாமல் போனார்கள்.

எனவே, பின்பக்கம் மூடியிருந்தால் அதைத் திறந்து பாருங்கள். நீங்களே பிளேடால் கீறாதீர்கள், துணியில் பட்டுவிடும். சட்டம் போடத் தெரிந்தவரிடம் கொடுத்துத் திறந்து, பின்புறத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, புதிய தாள் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு இதற்கு 200 ரூபாயும் இரண்டு நாளும் ஆயின.

தலைப்பு கிடைத்ததும் அதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. யார் வைத்த தலைப்பு என்பதைக் கேட்டறிய வேண்டும். பிக்காசோ 1907-ல் வரைந்த ‘அவிஞோன் மங்கையர்’ என்னும் புகழ்பெற்ற படத்துக்கு அந்தப் பெயரை அவர் வைக்கவில்லை. 1916-ல் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது அவருடைய நண்பரான ஆந்த்ரே சல்மோன் வைத்த பெயர் அது. ஓவியரின் கையெழுத்தில் இருக்கும் தலைப்புக்கும், விற்றவரோ வாங்கியவரோ பின்னால் வைத்த தலைப்புக்கும் ஒரே மதிப்பைத் தர முடியாது. எங்கள் படத்தில் முன்பக்கக் கையொப்பத்தின் எழுத்தும் பின்பக்க எழுத்தும் ஒத்திருந்ததால் அதை ஏற்றுக்கொண்டேன்.

2. நகல்களையும் கருவிகளையும் தயார் செய்யுங்கள்

இந்த வகைப் படத்தை வெறும் கண்ணால் பார்த்துப் படித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள், கையும் வேலை செய்ய வேண்டும். ஏ3 அளவில் வண்ண நகல் இரண்டு, கறுப்பு வெள்ளை நகல் நான்கு, டிரேசிங் தாள் ஆறு, வண்ணப் பென்சில்கள், ஓர் அளவுகோல் ஆகியவை போதும். மாசி வீதிப் பக்கம் நகலெடுத்து, அங்கேயே ஸ்டேஷனரிக் கடையில் மற்றவற்றை வாங்கினேன். எல்லாம் சேர்த்து 230 ரூபாய்க்குள் முடிந்தது.

புகைப்படம் எடுப்பதில்தான் கவனம் வேண்டும். கைப்பேசியைப் படத்துக்கு மிக அருகில் பிடித்தால் ஓரக்கோடுகள் வளைந்துவிடும். கியூபிச பாணிப் படத்தில் கோடு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதே செய்தி. ஆகவே கோணலான புகைப்படத்தை வைத்துக்கொண்டு செய்யும் வேலை முழுதும் வீண். இரண்டு மீட்டர் தள்ளி, படத்தின் நடுப்பகுதியின் உயரத்துக்குக் கைப்பேசியை நேராகப் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

கைப்பேசியில் படத்தைக் காட்டித் தேடும் வசதியை நம்பி நேரத்தைச் செலவிட வேண்டாம். எங்கள் படத்தை நான் அப்படித் தேடியபோது பிக்காசோவின் படங்களாக வந்து குவிந்தன. கோணக்கோடுகள் ஒத்திருப்பதைத்தான் அது கண்டுபிடிக்கிறது. அதற்கு மேல் உதவி கிடைக்கவில்லை.

3. எந்த வகை என்பதைத் தோராயமாக முடிவு செய்யுங்கள்

இது நீண்ட வேலையன்று, ஒரு மாலை போதும். 1910 முதல் 1912 வரை, இந்தப் பாணியைத் தோற்றுவித்த ஓவியர்களான பிக்காசோவும் பிராக்கும் வரைந்த படங்களில் பழுப்பும் சாம்பலும்தான் பெரும்பாலும் இருக்கும். உருவம் சிறுசிறு துண்டுகளாகச் சிதறிப் பின்புலத்தோடு கலந்திருக்கும். 1912-க்குப் பிறகு துண்டுகள் பெரிதாகித் தட்டையாகின்றன, நிறம் கூடுகிறது, செய்தித்தாளும் சுவர்த்தாளும் ஒட்டப்படுகின்றன. உங்கள் படம் இந்த இரண்டில் எதன் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் உருவத்தைக் கண்டுபிடிப்பதே வேலை. இரண்டாம் வகையில் உருவம் சீக்கிரம் தெரிந்துவிடும், எந்தத் துண்டு எதைக் குறிக்கிறது என்பதில்தான் சிக்கல் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பாரிஸில் 1910-ல் வரைந்தவர்களின் நோக்கத்தை, அறுபது ஆண்டுக்குப் பின் நம் ஊரில் அந்தப் பாணியைக் கையாண்டவரின் மேல் ஏற்றிவிடக் கூடாது. பாணியைக் கடன் வாங்கியவர் எதைச் சொல்வதற்காக வாங்கினார் என்பதை அவருடைய படத்திலிருந்தே எடுக்க வேண்டும். நான் இரவல் வாங்கிய புத்தகங்களிலிருந்து வாக்கியங்களை எடுத்து முதல் குறிப்பில் சேர்த்திருந்தேன். அவற்றில் எதுவும் எங்கள் படத்தைப் பற்றியதாக இல்லை.

4. நான்கு நாள் பாருங்கள், ஒரு வரியும் எழுதாதீர்கள்

நாளொன்றுக்கு 20 நிமிடம் போதும். ஆனால் நான்கும் வெவ்வேறு நாளாக இருக்கட்டும். நேர் வெயில் படாத காலை நேரம் நல்லது. முதல் நாள் மூன்று மீட்டர் தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பாருங்கள், பெரிய திரள்கள் மட்டும் தெரியும். இரண்டாம் நாள் ஒரு மீட்டர் தூரத்தில் நின்று, துண்டுகள் எங்கே சிறிதாகி நெருங்குகின்றன, எங்கே பெரிதாகி விலகுகின்றன என்று பாருங்கள். நெருக்கமான இடங்களில்தான் ஓவியர் அதிக நேரம் செலவிட்டிருப்பார், முகமும் கையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மூன்றாம் நாள் கறுப்பு வெள்ளை நகலைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். எழுத்துக்கூட்டிப் பெயர் வைக்கும் பழக்கம் அப்போது சற்று ஓய்ந்து, வெளிச்சமும் நிழலும் மட்டும் கண்ணில் படும்.

நான்காம் நாள் நான் கண்டது, படத்தின் கீழ்ப்பாதியில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்த ஏழெட்டுச் சிறு துண்டுகள். முகம் இருந்த மேற்பகுதியைவிட அங்கே தூரிகை அதிகம் வேலை செய்திருந்தது. அதுவரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. முகத்தை விட்டுவிட்டுக் கையைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க நேருமானால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கண் தானாகவே முகத்தைத் தேடும். கியூபிச பாணியில் முகம்தான் மிக எளிதில் ஏமாற்றும். ஒரே தலையை நேராகவும் பக்கவாட்டிலும் சேர்த்து வரைந்திருந்தால் இரண்டு தலை என்று எண்ணத் தோன்றும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. கை அப்படி ஏமாற்றுவதில்லை, ஏனென்றால் கை ஏதேனும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும். அது என்ன வேலை என்று தெரிந்துவிட்டால், உடல் எப்படி அமர்ந்திருக்கிறது, மடியில் என்ன இருக்கிறது, கண் எங்கே நோக்குகிறது என்பவை ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகும்.

புகழ்பெற்ற படங்களில் இதைப் பழகிப் பாருங்கள். அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் அவற்றைச் செலவில்லாமல் பெரிதாக்கிப் பார்க்கலாம். புதியவர்கள், கியூபிச ஓவியர் ஹுவான் கிரீஸ் 1912-ல் வரைந்த பிக்காசோவின் உருவப்படத்தில் தொடங்குவது நல்லது. அது சிகாகோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருவம் தெளிவாகத் தெரியும், கையில் வண்ணத்தட்டு இருக்கும். அடுத்து அதே அருங்காட்சியகத்தில் உள்ள, பிக்காசோ 1910-ல் வரைந்த ஓவிய வணிகர் கான்வைலரின் உருவப்படத்துக்குப் போங்கள். முதலில் ஒன்றுமே தெரியாது. கீழே நடுவில் கோத்துவைத்த கைகளைக் கண்டுபிடித்ததும், அதற்கு மேலே கடிகாரச் சங்கிலியும், இன்னும் மேலே தலைமுடியின் அலையும் வரிசையாகத் தெரியும். மூன்றாவதாக, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள ‘மா ஜோலி’. பிக்காசோ 1911-12-ல் வரைந்தது. இசைக்கருவி வாசிக்கும் பெண் என்கிறார்கள், ஆனால் பெண் எங்கே என்று தேடினால் கிடைக்கமாட்டாள். கீழ்ப்பகுதியில் நரம்புகள் போன்ற கோடுகளையும் அவற்றுக்குக் கீழே நான்கு விரல்களையும் பிடித்துக்கொண்டால், வலப்பக்கம் முழங்கை துருத்திக்கொண்டிருப்பது தெரியவரும். மூன்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

எங்கள் படத்தில் கைகளைக் கண்டுபிடித்த பிறகும், அவை என்ன செய்கின்றன என்பது எனக்குத் தெரியவில்லை. கையிலிருந்து வெளிறிய மஞ்சள் கோடு ஒன்று கீழே இடப்பக்கமாக இறங்கிற்று. நான் கயிறு என்று எழுதியது அதைத்தான். அதன்மேல் வெள்ளைப் பொட்டுகள் இரண்டிரண்டாக இருந்தன. கோடு முடியும் இடத்தில் வட்டமான சிறு துண்டு ஒன்று இருந்தது. முத்துமாலையா, பல்வரிசையா என்று பல நாள் குழம்பினேன்.

எங்கள் பள்ளித் தெருமுனையில் பூ விற்கும் அக்காவிடம் ஒருநாள் பூ வாங்கும்போது, பையிலிருந்த நகலை எடுத்துக் காட்டினேன். விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய் உதிரி மல்லிகை வாங்கிவந்து, நாளெல்லாம் கட்டிக்கொண்டே விற்பவர் அவர். முகம் இருந்த பகுதியை அவர் பார்க்கவே இல்லை. கோட்டின் மேல் விரலை வைத்து, “இது வாழைநாரு டீச்சர். பூக் கட்டுறா” என்றார். அந்த வட்டத் துண்டைத் தொட்டு, “இது கால் கட்டைவிரலு. நாரை இதுல மாட்டிக்கிட்டு இழுத்துக் கட்டுறது” என்று சொல்லிவிட்டு, நனைத்து வைத்திருந்த நாரில் ஒன்றை எடுத்துத் தம் கால் விரலில் மாட்டிக் காட்டினார். மொட்டுகளை இரண்டிரண்டாகக் காம்போடு காம்பு சேர்த்து இடக்கை விரல்களுக்கு இடையில் வைத்து, நாரைச் சுற்றி, கண்ணி போட்டு இறுக்கினார். வெள்ளைப் பொட்டுகள் ஏன் இரண்டிரண்டாக இருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

படத்தில் இருப்பது எந்த வேலை என்று ஊகம் தோன்றியவுடன், அந்த வேலையைச் செய்பவரிடம் நகலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நெசவு என்று தோன்றினால் தறிக்காரரிடமும், மத்தளம் என்று தோன்றினால் வாசிப்பவரிடமும் காட்டுங்கள். ஓவியம் தெரிந்தவரைத் தேடுவதற்கு முன்பாகவே இதைச் செய்யுங்கள். காட்டும்போது உங்கள் ஊகத்தை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், சொன்னால் மரியாதைக்காக ஆமாம் என்றுவிடுவார்கள்.

6. ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து பார்க்கப்பட்டது என்று குறியுங்கள்

டிரேசிங் தாளைக் கறுப்பு வெள்ளை நகலின் மேல் வைத்து, துண்டு துண்டாகக் கோட்டை வரையுங்கள். எதிரிலிருந்து பார்த்தால் தெரியும் துண்டுக்கு நீலம், பக்கவாட்டிலிருந்து தெரிவதற்குச் சிவப்பு, மேலிருந்து தெரிவதற்குப் பச்சை என்று நிறம் கொடுங்கள். முடிவு செய்ய இயலாத துண்டுகளை நிறமில்லாமல் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மாலை ஆகும், பொறுமை வேண்டும்.

நம் கண்ணுக்கு இது முற்றிலும் புதிய பழக்கமன்று. நாட்காட்டிப் படத்தில் ஆறுமுகனின் ஆறு முகங்களும் ஒரே வரிசையில் நம்மை நோக்கியிருப்பதையும், தோல்பாவைக்கூத்தில் இராவணனின் பத்துத் தலையும் தட்டையாக விரிந்திருப்பதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரே இடத்தில் நின்றால் காண முடியாததை ஒரே தளத்தில் காட்டலாம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் இந்த ஒப்புமையை எல்லை மீறி இழுக்கக் கூடாது. ஆறுமுகனுக்கு உண்மையிலேயே ஆறு முகம், வரைபவர் அந்த ஆறையும் காட்டுகிறார். கியூபிச பாணியில் இருப்பது ஒரு முகம், அதைப் பல பக்கத்திலிருந்து கண்டதாகக் காட்டுகிறார்கள். துண்டுகளை எண்ணி இத்தனை பேர் என்று முடிவு செய்தால் நான் விழுந்த குழியில் நீங்களும் விழுவீர்கள்.

எங்கள் படத்தில் முகம் பாதி நீலமும் பாதி சிவப்புமாக வந்தது. பூக்கூடையின் வாய் பச்சை, அதன் பின்னல் நீலம். அதாவது கூடையை மேலிருந்தும் எதிரிலிருந்தும் ஒரே சமயத்தில் பார்க்கிறோம். கைகள் மட்டும் எந்த நிறத்துக்கும் அடங்கவில்லை. தோளிலிருந்து இறங்கிய முழங்கைக்கும் அந்தக் கைகளுக்கும் பொருத்தமே இல்லை. மணிக்கட்டு படத்தின் கீழ்விளிம்புப் பக்கமும் விரல்கள் மேல்நோக்கியும் இருந்தன. கீழேயிருந்து வேறொருத்தி கையை நீட்டுவதாக நான் நினைத்ததற்கு இதுதான் காரணம்.

இரண்டாம் முறை பூக்கார அக்காவிடம் போனபோது இதைத்தான் கேட்டேன். அவர் கட்டுவதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் படத்தையும் தம் கைகளையும் மாறிமாறிப் பார்த்தார். “எதிர்த்தாப்புல இருந்து பாத்தா விரலு உங்களப் பாத்துல்ல இருக்கணும்? இது நான் குனிஞ்சு என் கையைப் பாக்குற மாதிரி இருக்கு” என்றார்.

நானும் அங்கேயே என் மடியில் கைகளை வைத்துக் குனிந்து பார்த்தேன். மணிக்கட்டு என் பக்கம் கீழே இருந்தது, விரல்கள் எனக்கு அப்பால் மேல்நோக்கி இருந்தன. படத்தில் இருந்தது அதேதான். முகத்தை நம் கண்ணாலும், கையை அவள் கண்ணாலும் பார்க்கும்படி ஓவியர் வரைந்திருக்கிறார். எதிரில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் குனிந்து கட்டுபவளுக்கும் ஒரே படத்தில் இடம் கிடைத்திருக்கிறது. எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் எனக்கு இது தெரிந்திருக்காது.

ஆகவே நான்காவதாக ஒரு நிறத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவர் தம்மைத் தாமே பார்த்தால் தெரியும் துண்டுகளுக்கு அந்த நிறத்தைக் கொடுங்கள்.

7. கோடு அறுந்திருக்கும் இடங்களைப் பிழையென்று எண்ணாதீர்கள்

தோளின் விளிம்புக்கோடு பாதியில் நின்றுபோய்ச் சுவர் தோளுக்குள் நுழைந்துவிட்டதுபோல் இருக்கும். ஓவியர் வேண்டுமென்றே செய்வது அது. தாராசுரம் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரு கோடு இரண்டு பொருளுக்கு எல்லையாக வேலை செய்ய முடியும் என்பது புரியும். எங்கள் படத்தில் முந்தானையின் ஓரமும் பின்னாலுள்ள கதவின் ஓரமும் ஒரே கோடு. டிரேசிங் தாளில் இத்தகைய கோடுகளை இரட்டைக் கோடாகப் போட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

நிழலையும் கவனியுங்கள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரவேண்டும் என்று எதிர்பார்த்தால் குழப்பமே மிஞ்சும். ஒவ்வொரு துண்டும் தனக்கென ஒரு வெளிச்சத்தை வைத்திருக்கும்.

8. எழுத்தும் எண்ணும் இருந்தால்

பிராக் 1911-ல் வரைந்த ‘போர்ச்சுக்கீசியர்’ படத்தில் அச்செழுத்துகளும் எண்களும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பழகியவர்கள் பிறகு வரைந்த படங்களிலும் எழுத்தைச் சேர்ப்பதுண்டு. எங்கள் படத்தின் வலது ஓரத்தில் ‘மு’ என்னும் எழுத்து மட்டும் பாதி மறைந்து தெரிகிறது. முதல் குறிப்பில் அதை ‘முடிவு’ என்று விரித்து ஒரு பத்தியே எழுதியிருந்தேன். பூ விற்கும் இடத்தில் முழம் என்று எழுதிய விலைப்பலகை இருப்பது இயல்பு. எழுத்துக்குத் தத்துவம் தேடுவதற்கு முன்னால், அந்த இடத்தில் அன்றாடம் என்ன எழுதியிருக்கும் என்று பாருங்கள்.

9. இனிதான் பொருளை எழுத வேண்டும்

ஒரு தாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில், யார் பார்த்தாலும் மறுக்க முடியாதவை: நார், மொட்டு, கால்விரல், கூடை. இரண்டாம் பகுதியில், அவற்றிலிருந்து நீங்கள் பெற்றவை: பூக்கட்டும் பெண், அவள் கண்ணால் காணும் கைகள். மூன்றாம் பகுதியில், உங்கள் மனத்தில் தோன்றியவை. குறிப்பில் முதல் இரண்டும் முழுமையாக இடம்பெறட்டும். மூன்றாவதிலிருந்து ஒரு வாக்கியம் போதும், அதிலும் ‘என்று தோன்றுகிறது’ என்று முடியுங்கள்.

எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. உருவம் துண்டுதுண்டாக இருப்பதால் உள்ளமும் உடைந்திருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். பிக்காசோ 1937-ல் வரைந்த ‘அழும் பெண்’ படத்தில் துயரம் இருப்பது உண்மை. ஆனால் கடித்துப் பிடித்த கைக்குட்டையும் கண்ணீரும் அதைச் சொல்கின்றன, உடைந்த கோடுகள் மட்டுமே சொல்லிவிடவில்லை. கான்வைலரின் உருவம் அதைவிடச் சிதறியிருக்கிறது, அதில் அழுகை எதுவும் இல்லை. துயரம் என்று எழுதுவதானால் அதற்குப் படத்தில் தனிச்சான்று காட்டுங்கள். எங்கள் படத்தில் சண்டைக்கும் சான்றில்லை, சோகத்துக்கும் சான்றில்லை. வேலையில் ஆழ்ந்த ஒருத்தி இருக்கிறாள்.

சந்தேகம் தீராவிட்டால் ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் உங்கள் டிரேசிங் தாள்களோடு போங்கள். வெறுங்கையோடு போனால் பொதுவான விளக்கம்தான் கிடைக்கும், தாளோடு போனால் இந்தத் துண்டு ஏன் இப்படி என்று கேட்க முடியும். புத்தகம் தேட, மதுரைப் புதுநத்தம் சாலையில் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு நாள் ஒதுக்கலாம். நம் தமிழ்நாட்டு நவீன ஓவியங்களை நேரில் பார்க்க விரும்பினால், இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் சென்னையில் இறங்கி, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்குச் சென்றுவரலாம். குறிப்பு எழுதுவதற்கு இந்தப் பயணம் கட்டாயமில்லை. கண்ணுக்கு நல்லது என்பதால் சொல்கிறேன்.

10. குறிப்பை எழுதி மாட்டுதல்

குறிப்பு 120 சொல்லுக்குள் இருக்கட்டும். படத்தைப் பார்க்க நிற்பவர் அதற்கு மேல் படிப்பதில்லை. தலைப்பு, ஓவியர், ஆண்டு, வண்ணம், அளவு ஆகியவை முதல் இரண்டு வரியில் வர வேண்டும். அடுத்த வாக்கியம் கை செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும். நான் எழுதிய இரண்டாம் குறிப்பு இப்படித் தொடங்குகிறது: ‘பெண் ஒருத்தி தரையில் அமர்ந்து பூக்கட்டுகிறாள். அவள் முகத்தை நாம் எதிரிலிருந்தும் பக்கத்திலிருந்தும் காண்கிறோம். அவள் கைகளை அவளே குனிந்து பார்ப்பதுபோல் காண்கிறோம். இங்கே நின்று உங்கள் கைகளை ஒருமுறை குனிந்து பாருங்கள்.’

அச்சிட்டு லேமினேட் செய்வதற்கு முன் வெறுந்தாளில் ஒரு வாரம் ஒட்டிவைத்து, படிப்பவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனியுங்கள். அவசரப்பட்டு லேமினேட் செய்த முதல் குறிப்புக்கு 120 ரூபாய் வீணானது. பிள்ளைகளின் நோட்டில் ஏறிய தவறைத் திருத்த, வகுப்பில் இரண்டு பாடவேளையை ஒதுக்கிக் கட்டுரையைத் திரும்ப எழுதச் சொன்னேன். அந்த இரண்டு பாடவேளையிலும் பிள்ளைகள் தங்கள் கைகளைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 சென்டிமீட்டரில் வரும்படி மாட்டுங்கள், பள்ளியாக இருந்தால் இன்னும் சற்றுக் கீழே. ஓதமேறும் சுவரையும் மேற்கு வெயில் விழும் சுவரையும் தவிருங்கள். சட்டத்தின் பின்னால் மேல்பக்கம் எது என்று அம்புக்குறி இடுங்கள். குறிப்பின் நகல், பின்புறத்தின் புகைப்படம், டிரேசிங் தாள்கள் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டுத் தேதியிட்டு அன்பளிப்புப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். புதிய பழுப்புத்தாளை ஒட்டும்போது, எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிறு சதுரத்தை வெட்டி எடுத்து, அங்கே கண்ணாடித்தாள் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் படத்தை இப்போது யார் கழற்றித் திருப்பினாலும், ‘உட்கார்ந்திருப்பவள், 1974’ என்னும் கரிக்கோல் எழுத்து முதலில் கண்ணில் படும்.